அரண்மனைக்கு யார் கபீல்?

போன வாரம் எங்கள் காம்பவுண்டுக்குத் தண்ணீர் லாரி வராத கதையோடு நிறுத்தியிருந்தேன். லாரி கடைசியில் வந்ததா இல்லையா என்று சிலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். வந்தது, குளித்தோம், அவ்வளவுதான். இந்த வாரம் ஒரு ஃபோன் காலைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

அது ஒரு வியாழக்கிழமை காலை. அல் கோபாரில் எங்களுக்கு அப்போதெல்லாம் வியாழனும் வெள்ளியும்தான் விடுமுறை. மற்ற தேசங்களில் ஆபீஸ் திறந்திருக்கும். அதனால் வெளிநாட்டோடு பேச வேண்டியதை எல்லாம் வியாழக்கிழமை பேசுவோம்.

சாப்பாட்டு மேசையின் நடுவில் ஃபோனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள் என் மகள் பவானி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த நேரம். நான் இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் சண்முகம், அயர்ன் செய்த முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கீழே கைலிதான். ஆனாலும் பனியனோடு இத்தாலிக்காரியிடம் பேசக்கூடாதாம்.

அந்தப் பக்கம், பவானிக்கு இடம் கொடுத்திருந்த இத்தாலிப் பல்கலைக்கழகத்தின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். இவர் சவரம் செய்யும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"மேடம், அங்கே என் மகளுக்கு யார் ஸ்பான்சர்?"

கட்டணத்தைக் கேட்கிறார் என்று நினைத்து அவள் ஏதோ சொன்னாள். "பணத்தைக் கேட்கவில்லை மேடம். பொறுப்பு. அவளுக்கு யார் பொறுப்பு? அவள் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்?"

கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு அவள் சொன்னாள்: "அவள் கையில்தான் சார். அவளுக்கு அவளேதான் பொறுப்பு. பதினெட்டு வயது ஆகிவிட்டது அல்லவா?"

இவர் தேங்க்யூ சொன்னார். மறுபடியும் தேங்க்யூ சொன்னார். ஃபோனை வைத்தார். சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"யாருமே இல்லியாம்ட்டி," என்றார் மகளைப் பார்த்து. "அப்ப முடியாது. கலாஸ்."

கலாஸ் என்றால் முடிந்தது என்று அர்த்தம். அந்த ஊர் அரபியில் நாங்கள் சுத்தமாகக் கற்றுக்கொண்ட வார்த்தை அது.

ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இத்தாலி

இந்த அரண்மனை எங்கள் வீட்டுக்குள் காலண்டரில் வந்தது. ஆமாம், அரண்மனைதான். பல்கலைக்கழகம் அதற்குள்ளேதான் இருக்கிறது.

இவர் ஆபீசுக்கு வால்வு விற்கும் இத்தாலிக் கம்பெனி ஒன்று வருஷா வருஷம் வழவழ தாளில் பெரிய காலண்டர் அனுப்பும். புண்ணியவான்கள், அதில் வால்வுப் படம் போட மாட்டார்கள். மாதத்துக்கு ஒரு பழைய கட்டடம் இருக்கும். நம்முடைய தேதி கிழிக்கும் காலண்டரை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். அந்த ஊரில் எங்கள் சாமிகள் எல்லாம் அலமாரிக்குள்தான் குடித்தனம். காலையில் கதவைத் திறந்து விளக்குக் காட்டுவேன், மூடிவிடுவேன். வெளியே சமையலறைச் சுவரில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், ஜம்மென்று இத்தாலி தொங்கும்.

அந்த வருஷம் மே மாதத்துக்கு வந்தது அந்தப் படம். வெயில் பட்ட மஞ்சள் சுவர், நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் வளைவு வளைவாகத் தூண்கள், இரண்டு பக்கமும் பிரிந்து மேலே போகும் படிக்கட்டு. எவரோ ஒரு பிரபு தன் மனைவிக்காகக் கட்டியது, இப்போது பல்கலைக்கழகம் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. எனக்கு என் பிரபு ஒரு ஸ்டீல் அலமாரி வாங்கித் தந்திருந்தார். அதில்தான் சாமி இருந்தது.

பவானி பிரபுவையும் பார்க்கவில்லை, தூணையும் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒரு பெண் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் தூணில் சாய்த்து வைத்த சைக்கிள்.

"அம்மா, இங்க பாரேன். ராஜா வீட்டு ஸ்டெப்ஸ்ல உக்காந்து சாப்புடறா. யாருமே எழுப்பி விடல!"

"ஃபோட்டோ எடுத்த பொறவு வெரட்டியிருப்பான்ட்டி," என்றேன்.

ஆனால் மே மாதம் முடிந்தும் அந்தத் தாளைத் திருப்ப விடவில்லை. ஜூனிலும் மே, ஆகஸ்டிலும் மே. கேஸ் வந்த நாள், ஸ்கூல் பஸ்ஸுக்குப் பணம் கட்டிய நாள் எல்லாம் மே மாதத்திலேயே கிறுக்கினேன். கிழமையைத் தப்பாகப் பார்த்துப் பல் டாக்டரிடம் போய், அவர் இல்லாத நாளில் வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தேன். வாயில் வந்தபடி எல்லாம் அவளைத் திட்டினேன். அவள் சிரித்தாள். அடுத்த வருஷக் காலண்டர் வந்தபோதும் பழையது ஆணியை விட்டு இறங்கவில்லை.

அந்தப் படம் அவளை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்பது மாடி வீட்டைப் பார்த்தால் தெரியும். மேலே சேலத்துக்கார வசந்தா இருந்தாள். அவள் மகள் கவிதா, பவானிக்கு இரண்டு வகுப்பு மூத்தவள். சவூதியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் நம் பிள்ளைகள் படிக்க அன்றைக்குக் கல்லூரி கிடையாது. பையன்களை ஊருக்கு மூட்டை கட்டி அனுப்பிவிடுவோம். பெண்ணாக இருந்தால், கல்யாணம் ஆகும்வரை அப்பாவின் விசாவிலேயே வீட்டில் இருக்கலாம். கவிதாவை அப்படி நிறுத்திக்கொண்டார்கள். தபாலில் பி.காம். கையில் டிவி ரிமோட்.

"கண்ணு முன்னாடி இருக்கறாங்க்கா, அது போதும்," என்பாள் வசந்தா.

ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்தால் கவிதா ஜன்னலுக்கு வந்து நிற்பாள். அவள் ஏற வேண்டிய பஸ் இல்லை. ஆனாலும் வந்து நிற்பாள். பவானி பஸ்ஸில் ஏறும்போது மேலே பார்த்துக் கையாட்டுவாள், ஏறி உட்கார்ந்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

இவருடைய திட்டம் வேறு. நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். அங்கே இவர் தங்கை வீட்டில் பவானியை விட்டு, பக்கத்தில் ஏதாவது ஒரு இன்ஜினியரிங் காலேஜில் சேர்ப்பது. "அத்தை பொறுப்பாப் பாத்துக்கிடுவா." பவானிக்கோ கட்டடக்கலைதான் படிக்க வேண்டும், அதுவும் அந்தக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து. ஆங்கிலத்தில் சொல்லித்தரும் வகுப்பு அங்கே புதிதாக ஆரம்பித்திருக்கிறது என்று அவளே கண்டுபிடித்து, அவளே எழுதிப் போட்டு, அவளே இடமும் வாங்கிவிட்டாள். உதவித்தொகையும் கிடைத்தது. வருகிறேன் என்று அந்த மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அதற்கு அப்பா சரி என்று சொல்ல வேண்டும். சவூதியை விட்டு வெளியே போகும் விசாவுக்கும் அவர்தான் எழுதித் தர வேண்டும்.

என்னைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய கதை

கபீல் என்றால் என்ன என்று வளைகுடா பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நமக்கு விசா கொடுத்து, அங்கே நமக்குப் பொறுப்பாக இருப்பவர். கடைக்கு ஒரு கபீல், கம்பெனிக்கு ஒரு கபீல், மனுஷனுக்கு ஒரு கபீல். இவருக்குக் கம்பெனி கபீல், இவர் பாஸ்போர்ட் கம்பெனிப் பெட்டகத்தில் இருக்கும். எனக்கும் பவானிக்கும் இவர் கபீல், எங்கள் பாஸ்போர்ட் இவர் லாக்கரில் இருக்கும். பவானி தன் பாஸ்போர்ட்டைக் கையால் தொட்டது ஏர்போர்ட் வரிசையில் நிற்கும்போது மட்டும்தான். அதையும் கவுன்ட்டரைத் தாண்டியதும் அப்பா வாங்கிக்கொள்வார்.

கல்யாணமாகி நான் முதல்முதலாக அங்கே போய் இறங்கிய நாள். தலையில் வைத்திருந்த பிச்சிப்பூ வாடிப்போய் இருந்தது. குடியேற்ற அதிகாரி என் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியைக் காட்டினார். புருஷன் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவார்களாம். இவர் சைட்டில் மாட்டிக்கொண்டு தாமதமாகத்தான் வந்தார். அதுவரை அந்த நாற்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புது ஊரில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இவர் ஓடி வந்து கையெழுத்துப் போட்டு, பார்சல் ஆபீசில் சாமான் வாங்குகிற மாதிரி என்னை வாங்கிக்கொண்டு போனார்.

இந்தக் கதையை இவரும் ஊரெல்லாம் சொல்வார். "பாத்தீயளா, நான் வாற வரைக்கும் இவளை வெளிய விடலியே! எவ்வளவு பொறுப்பு!" என்று பெருமையாகச் சொல்வார். ஒரே நாற்காலிதான். அவர் பார்த்தது ஒன்று, நான் உட்கார்ந்தது ஒன்று.

அதனால் அந்த வியாழக்கிழமை இவர் முடியாது என்றது கெட்ட எண்ணத்தில் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷமாக, ஆளுக்கு ஒரு பொறுப்பாளி இல்லாமல் யாரும் நடமாடி அவர் பார்த்ததில்லை. இவ்வளவு பெரிய அரண்மனைக்குக் கபீல் இல்லையா, உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கும் இல்லையா என்று மனுஷனுக்கு நெஞ்சு பதறிவிட்டது.

"யாரும் கேக்க நாதியில்லாத எடத்துல பொம்பளப் புள்ளைய எப்படிட்டி விடுவேன்?" என்றார்.

"அப்பா, நாதி இல்லன்னு அவங்க சொல்லல. எனக்கு நானே இருக்கேன்னு சொன்னாங்க," என்றாள் பவானி. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏசி ஃபில்டர்

என் வீட்டுக்காரர் சண்டை போட மாட்டார். கோபம் வந்தால் ஏசி ஃபில்டரைக் கழற்றிக் கழுவ ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு வீட்டில் உள்ள எல்லா ஃபில்டரையும் கழற்றினார். குளியலறையில் குந்தி உட்கார்ந்து பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வீடு அடுப்பாகக் கொதித்தது. எனக்கு அதைவிட அதிகமாகக் கொதித்தது.

"ஏங்க, பாஸ்போர்ட்டை யாரு கையில குடுத்தா உங்களுக்கு நிம்மதி? சொல்லுங்க, குடுத்துருவோம்."

தேய்க்கிற சத்தம்தான்.

நான் அவ்வளவு காலமும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று அப்போது வந்துவிட்டது.

"அத்தை போன அன்னைக்கு உங்க பாஸ்போர்ட் பத்திரமாத்தான் இருந்துது. கபீலும் பொறுப்பாத்தான் இருந்தாரு. மொகத்தைப் பாக்க முடிஞ்சுதா உங்களுக்கு?"

அத்தை என்றால் என் மாமியார். செய்தி வந்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம், ஆபீஸ் பூட்டிய பிறகு. பெட்டகச் சாவி வைத்திருந்த மேனேஜர் விடுமுறைக்குப் பாலம் தாண்டி பஹ்ரைன் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. திரும்பி வந்ததும் இவரைக் கட்டிப்பிடித்து அழுதவர்தான். ஆனால் இவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாசலில் பந்தலையும் பிரித்துவிட்டார்கள். ஒரே ஆண் பிள்ளை. கொள்ளி வைத்தது பங்காளி வீட்டுப் பையன்.

பிரஷ் நின்றது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கொழாயை மூடு, தண்ணி வீணாப் போவுது," என்றார்.

மூடினேன். அவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். தண்ணீர் தெறித்தது என்றுதான் நான் வைத்துக்கொண்டேன்.

பாஸ்போர்ட்டைக் காணோம்!

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் சாயங்காலம் கோர்னிஷ் போனோம், கடற்கரைச் சாலைக்கு. புல்தரையில் பாயை விரித்து ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். பவானி எங்களுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளிலிருந்து யாரோடும் பேச்சு இல்லை.

இவர் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து அவள் மடியில் போட்டார். அவளுடைய பாஸ்போர்ட்.

"ஒரு வாரம் ஒன் கையில இருக்கட்டும். நானும் பாக்கேன், நீயும் பாரு."

"எதுக்குப்பா?"

"ஒனக்கு நீயே கபீலுன்னு அந்தம்மா சொல்லுதால்லா? அதான், எப்படிப் பாத்துக்கிடுதன்னு பாப்போம்."

எங்கள் வீட்டில் அதைப் போல ஒரு வாரம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பவானி ஒரு துணிப்பை தைத்துக் கழுத்தில் மாட்டி, அபாயா அங்கிக்குள் தொங்கவிட்டுக்கொண்டாள். தெருமுனை பக்காலாவில் தயிர் வாங்கப் போனாலும் பாஸ்போர்ட் கூடவே போகும். குளிக்கப் போனால் மட்டும் என் கையில் கொடுத்து, "அம்மா, ரெண்டு கண்ணும் இதுமேலயே இருக்கணும்" என்பாள். சோற்றில் கை வைக்கும்போது இவர், "இருக்கா?" என்பார். அவள் நெஞ்சைத் தட்டிக் காட்டி, "இருக்கு" என்பாள். அதற்குப் பிறகுதான் ரசமே பரிமாற விடுவார்கள்.

வாரம் முடிகிற சமயம். இவர் ஏதோ எடுப்பதற்காக லாக்கரைத் திறந்தார். அடுத்த நிமிஷம் வீடே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம்.

"ஏ கோமதி! பவானி பாஸ்போர்ட்டைக் காணோம்! என் பாடு போச்சு!"

நான் கரண்டியோடு ஓடினேன். லாக்கரில் இருந்ததை எல்லாம் கட்டில்மேல் கொட்டி, தலையில் கை வைத்து நின்றார். முகம் வெளிறிப்போய், வேர்த்து வழிந்தது. பவானி பின்னாலேயே வந்தாள். கழுத்துப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அதைத் தானே கொடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு அது. நானும் சிரித்துச் சிரித்து, கரண்டியிலிருந்த சாம்பார் கட்டில் விரிப்பில் சொட்டிவிட்டது.

"மறக்குறது நானு. நான் எங்க ஒனக்குப் பொறுப்பா இருக்கப்போறேன்? போயிட்டு வாட்டி," என்றார். "எக்ஸிட் விசாவுக்கு நாளைக்கே எழுதிக் குடுக்கேன்."

பவானி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாடியிலிருந்து வசந்தா, என்ன சத்தம் என்று கேட்டு இறங்கி வந்தாள். கவிதாவும் கூட வந்தாள். விஷயம் தெரிந்ததும் கவிதா பாஸ்போர்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கும் இந்தப் பை மாதிரி ஒண்ணு தச்சுத் தர்றியா?" என்றாள். மறு வருஷம் கவிதா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பவானி புறப்பட்ட அன்று தம்மாம் ஏர்போர்ட்டில், இவர் கவுன்ட்டர்வரை போய் மகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கக் கை தானாக நீண்டது. அவர் அந்தக் கையை அப்படியே தூக்கி டாட்டா காட்டிவிட்டார்.

வாசலில்

அதற்குப் பிறகு ஒரு லீவில் நாங்கள் இரண்டு பேரும் அந்த ஊருக்குப் போனோம். ஊர்ப் பெயர் இன்றைக்கும் என் நாக்கில் நிற்காது. குளிர் என்றால் குளிர், எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் குளிர்.

காலண்டரில் பார்த்த அதே மஞ்சள் சுவர். ஆனால் படத்தில் இருந்ததைவிடப் பழசு, அங்கங்கே காரை பெயர்ந்து இருந்தது. வாசலுக்குள் நுழைகிற இடத்தில் கண்ணாடி அறை. உள்ளே சால்வை போர்த்திய ஒரு குண்டு அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

இவர் நேராக அவளிடம் போய், கோட்டுக்குள்ளிருந்து எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார். நான் பக்கத்தில் பேரீச்சம்பழ டப்பாவை நீட்டினேன். வெறுங்கையோடு அரண்மனைக்குள் போகலாமா?

அவள் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். பாஸ்போர்ட் வேண்டாம் என்று தலையாட்டினாள். பேரீச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு, சிரித்து, உள்ளே போங்கள் என்று கை காட்டினாள்.

இவர் நகரவில்லை. நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

"அப்பா, அவங்களுக்கு அது வேண்டாம்பா."

"பின்ன நாம யாருன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டாம். சும்மா உள்ள வாங்க."

உள்ளே முற்றம். பிள்ளைகள் வெயில் விழுந்த இடமாகப் பார்த்துத் தரையில் கிடந்தார்கள். ஒருவன் தூணில் சாய்ந்து தூங்கினான். பவானி எங்களை அந்தப் படியில், அதே படியில், உட்காரவைத்துப் பையிலிருந்து ரொட்டி எடுத்துக் கொடுத்தாள். நான் பிய்த்துத் தின்றேன். யாராவது வந்து எழுப்புவார்கள் என்று இவர் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருவரும் வரவில்லை.

"ஏட்டி, அது சரி," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. பாஸ்போர்ட் இரண்டும் இன்னும் கையில்தான் இருந்தன. "இங்க எங்களுக்கு யாரு பொறுப்பு?"

"நான்தான். உங்க விசாவுக்கு எம்பஸிக்கு லெட்டர் எழுதி, என் ரூம்லதான் தங்குவாங்க, நான் பாத்துக்கறேன்னு சைன் பண்ணது யாராம்?"

இவர் ரொட்டியைக் கீழே வைத்தார். மகளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

"அப்ப இந்தா," என்று பாஸ்போர்ட்டுகளை அவள் கையில் கொடுத்தார். "நீயே வச்சுக்கோ."

அவள் அவற்றை ஸ்கேலும் பென்சிலும் கிடந்த பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். எழுந்து படியில் எங்களுக்கு முன்னால் ஏறினாள், நாங்கள் பின்னால் ஏறினோம். ஊர் திரும்பும்வரை, பாஸ்போர்ட் இருக்கா என்று இவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.